பரணில் கிடந்த எலெக்ட்ரிக் கிட்டார்: திருநெல்வேலிப் பக்கத்தாருக்கு ஒரு வழிகாட்டி

கோயில் கொடைக்கு இன்னிசைக் கச்சேரி வைத்த குழுக்களில் பாதி இன்று இல்லை. ஆனால் அவற்றின் கிட்டார்கள் எங்கேயும் போய்விடவில்லை. அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், பாளையங்கோட்டையில் ஏதோ ஒரு கிறிஸ்தவச் சபையின் சாமான் அறையில், தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குப் போய்வந்தவர் வீட்டு பீரோவுக்குப் பின்னால் கிடக்கின்றன. அப்படி ஒன்று என் பெரியப்பா வீட்டிலிருந்து எனக்கு வந்தது. இது என்ன கிட்டார், எவ்வளவு பெறும், யாரிடம் கொடுத்துச் சரிசெய்வது என்று ஜங்ஷனிலும் டவுனிலும் கேட்டதில் ஆளுக்கொரு பதில் கிடைத்தது. ஒருவர் இரண்டாயிரம் தருகிறேன் என்றார். இன்னொருவர், லட்சக்கணக்கில் போகும், வெளியே சொல்லாதீர்கள் என்றார். இருவருமே கிட்டாரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முதலில் அடையாளம், அப்புறம் விலை, கடைசியில் பழுது. நம் ஊரில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பெயிண்ட் அடித்து, பளபளக்கும் புது சாமான்கள் போட்டபிறகுதான் ‘இது எந்தக் கம்பெனி’ என்று கேட்கிறார்கள். அதற்குள் பதில் சொல்ல வேண்டிய பாகங்கள் குப்பைக்குப் போயிருக்கும்.

1. கைக்கு வந்ததும்: துடைக்காதீர்கள், படம் எடுங்கள்

தூசியோடு அப்படியே பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், சுருதி சேர்க்கும் கீகள் உள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் இரண்டு பக்கங்கள், கழுத்தான நெக் உடலோடு சேரும் இடம், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒவ்வொரு பிக்கப், எழுத்தோ எண்ணோ இருக்கும் எல்லா இடமும். விரிசல் இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். பின்னால் விலை கேட்கும்போதும், பழுதுபார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போதும் இந்தப் படங்கள்தான் சாட்சி. எனக்குத் தெரிந்த ஒருவர் சர்வீஸுக்குக் கொடுத்த கிட்டார், பழைய பிக்கப் போய்ப் புதுப் பிக்கப்போடு திரும்பி வந்தது. கேட்டால், ‘நல்லதாத்தானே போட்டுத் தந்திருக்கோம்’ என்றார்களாம். படம் இல்லாததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெட்டியில் கிடக்கும் எதையும் எறியாதீர்கள். கழன்ற ஸ்க்ரூ, உடைந்த ட்ரெமலோ கைப்பிடி, பெட்டிச் சாவி, பழைய பில், கடை முத்திரை குத்திய அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். துருப்பிடித்த கம்பிகளை இழுவையோடு வெட்டாமல் கீயைத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். வெட்டினால் துள்ளும் கம்பி கண்ணைப் பதம் பார்த்துவிடும்.

கிட்டாரோடு பழைய ஆம்ப்ளிஃபயரும் வந்திருந்தால் அதை பிளக்கில் செருக வேண்டாம். ஜப்பான் ஆம்ப் என்றால் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்க ஆம்ப் என்றால் 120 வோல்ட்டுக்கும் செய்ததாக இருக்கலாம். நம் வீட்டில் வருவது 230. பின்பக்கத் தகட்டில் வோல்டேஜ் எழுதியிருக்கும். அதைப் பார்த்து, தேவையான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள். வால்வு வைத்த ஆம்ப் என்றால் மூடியைக் கழற்றவே வேண்டாம். கரண்ட்டிலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் நிற்கும்.

2. அடையாளம் காண்பது

இதற்கு நேரம் கொடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நம் பக்கத்தில் மிகப் பெரிய குழப்பமே இங்கேதான். கிவ்சன் என்பது கொல்கத்தாவில் செய்யப்படும் இந்தியக் கிட்டார். கிப்சன் அமெரிக்கக் கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதேபோல் ஹோப்னர் கொல்கத்தா, ஹாஃப்னர் ஜெர்மனி. கிவ்சனும் ஹோப்னரும் மட்டமானவை என்று சொல்லவில்லை. நம் கச்சேரி மேடைகளில் உழைத்தவற்றில் பல அவைதான். ஆனால் விலை அடியோடு வேறு. ‘அண்ணாச்சி, ஒரிஜினல் கிப்சன்’ என்று யாராவது விற்க வந்தால் முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள்.

பெயர் சரியாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. பெயர் ஒட்டுவது எளிது. கிப்சன் கிட்டாரில், கம்பிகள் ஹெட்ஸ்டாக்குக்குத் தாண்டும் சிறு கட்டையான நட்டுக்கு மேலே, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை மூடும் மணி வடிவத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூதான் இருக்கும். மூன்று இருந்தால் பெரும்பாலும் போலி. 1977 முதல் 2005 வரையிலான கிப்சன்களில் ஹெட்ஸ்டாக்கின் பின்னால் எட்டு இலக்க எண் பதிந்திருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருடம். நடுவில் உள்ள மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. உதாரணத்துக்கு 81235042 என்றால் 1985ஆம் ஆண்டின் 123ஆவது நாள், அதாவது மே 3. போலி செய்பவர்களும் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதனால் எண் பொருந்தினால் மட்டும் போதாது. எண் பொருந்தாவிட்டால் சந்தேகப்படலாம்.

இன்னோர் அமெரிக்கக் கம்பெனியான ஃபெண்டரில் 1976 வரை எண் பெரும்பாலும் நெக்கைப் பிடித்திருக்கும் பின்பக்கத் தகட்டில் இருக்கும். அதற்குப் பிறகு ஹெட்ஸ்டாக்குக்கு வந்துவிட்டது. எஸ் என்று தொடங்கினால் எழுபதுகள், இ என்றால் எண்பதுகள், என் என்றால் தொண்ணூறுகள். என்னுக்கு முன்னால் எம் இருந்தால் மெக்சிகோ. ஜே.வி. என்று தொடங்கினால் 1982 முதல் 84 வரை ஜப்பானில் செய்தது, இன்று நன்றாகத் தேடப்படுவது. ஜப்பான் கம்பெனியான ஐபனேஸில் 1975 முதல் எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஓர் ஆங்கில எழுத்தும் எண்களும் வரும். ஏ முதல் எல் வரை ஜனவரி முதல் டிசம்பர், அடுத்த இரண்டு இலக்கம் வருடம்.

சரி, பெயரே இல்லை என்றால்? நம் பக்கம் இப்படி வருபவற்றில் 1960களின் ஜப்பான் கிட்டார்கள் உண்டு. நெக்கின் பின்பக்கத் தகட்டில் ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்’ என்றும் ஜப்பான் என்றும் மட்டும் பொறித்திருக்கும். டெய்ஸ்கோ போன்ற தொழிற்சாலைகள் ஒரே கிட்டாரைப் பல பெயர்களில் செய்து கொடுத்தன. பெயர்த்தகடு விழுந்துவிட்டால் அடையாளம் போய்விடும். பிக்கப்பைப் பாருங்கள். மூடியின் வழியே பொன்னிறத் தகடு தெரிந்தால் அது கோல்டு ஃபாயில் வகை. அந்தப் பிக்கப்புக்கு மட்டுமே வெளிநாட்டில் தனிச் சந்தை இருக்கிறது. என் பெரியப்பாவின் கிட்டாரில் இருந்தது அதுதான். ‘இந்தப் பழைய தகரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல பிக்கப் போடலாம்’ என்று யோசனை சொன்னவர்கள் உண்டு.

அடுத்து உள்ளே பார்க்க வேண்டும். நெக் நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறதா, ஒட்டப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஒட்டியது என்றால் கழற்றும் பேச்சையே விட்டுவிடுங்கள். ஸ்க்ரூ என்றால், கம்பிகளை முழுக்கத் தளர்த்திய பிறகு கழற்றலாம். ஃபெண்டரில் நெக்கின் அடிக்கட்டையில் பென்சிலிலோ முத்திரையிலோ தேதி இருக்கும். துருப்பிடித்த ஸ்க்ரூ அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். சோல்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் அரை நிமிடம் வைத்துச் சூடாக்கிவிட்டுத் திருகினால் இளகும். ஸ்க்ரூடிரைவர் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். ஜப்பான் ஸ்க்ரூக்களின் பள்ளம் நாம் வைத்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சற்று மாறுபடும், வழுக்கினால் தலை தேய்ந்துபோகும்.

உடலின் முன்பக்கத் தகடான பிக்கார்டைத் திறந்து, வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகைப் பாருங்கள். அமெரிக்கக் கிட்டார் என்றால் அங்கே ஓர் எண் பொறித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து வருடம், அப்புறம் வாரம். 1376632 என்றால் சி.டி.எஸ்., 1966, 32ஆவது வாரம். கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம். ஒயர்களைப் பிடித்திருக்கும் ஈயம் இதுவரை தொடப்படாமல், மங்கலாக ஒரே மாதிரி இருந்தால் பழைய வேலை. பளபளவென்று உருண்டையாக நின்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பாட்களுக்கும் நெக்குக்கும் தேதி நாலைந்து வருஷம் இடித்தால், இரண்டு கிட்டாரைச் சேர்த்து ஒன்றாக்கியது என்று நினைக்க இடமுண்டு.

பெயிண்ட் பழசா புதுசா என்று பார்க்கக் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு போதும். பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடைக் கல்லாவில் இருப்பது; டார்ச்சாகவும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இருட்டறையில் அடித்துப் பாருங்கள். பழைய நைட்ரோ லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) மஞ்சளும் பச்சையுமாக மங்கி ஒளிரும். பின்னால் திட்டுத்திட்டாகத் தொட்ட இடம் கறுப்பாகவோ வேறு நிறமாகவோ தனித்துத் தெரியும். ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியிருந்தால் அதுவும் காட்டிக்கொடுத்துவிடும்.

3. யாருடையது என்பதற்குக் காகிதம்

வீட்டுப் பொருள்தானே என்று இதை விட்டுவிடுகிறார்கள். விற்கும்போதுதான் சிக்கல் தெரியும். பெரியப்பாவின் கிட்டார் என்றால் அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. பத்தாயிரம் மதிப்புள்ளது என்று இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். மதிப்பு தெரிந்த பிறகு அக்காமாரும் மச்சான்மாரும் போன் பண்ணுவார்கள். அதனால் விலை விசாரிக்கும் முன்பே ஒரு வெள்ளைத்தாளில், இன்ன நிறம், இன்ன எண் உள்ள கிட்டாரை இன்னாருக்குக் கொடுக்கச் சம்மதம் என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கிட்டாரின் படத்தையும் அதோடு ஒட்டினால் நல்லது.

சபையிலிருந்து வாங்கினால் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடமோ பாடகர் குழுத் தலைவரிடமோ பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்து வராதீர்கள். சி.எஸ்.ஐ. சபை என்றால் கமிட்டித் தீர்மானத்தின் நகலும் முத்திரையிட்ட ரசீதும், கத்தோலிக்க ஆலயம் என்றால் பங்குத்தந்தையின் கடிதமும் ரசீதும் கேளுங்கள். நிர்வாகம் மாறினால் பழைய கணக்கைத் தோண்டுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

கச்சேரிக்காரரிடமோ பழைய சாமான் கடையிலோ வாங்கினால் ரசீதில் கிட்டாரின் எண் கட்டாயம் எழுதப்பட வேண்டும். விற்பவரின் அடையாளத்துக்கு ஆதார் நகல் வாங்கினால் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலே போதும். எண் சுரண்டப்பட்ட கிட்டார் என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால் கிட்டாரும் போகும், பணமும் போகும்.

4. விலை

கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. இணையத்தில் ஒருவர் மூன்று லட்சம் என்று போட்டிருப்பார். அது மூன்று வருஷமாக அங்கேயே இருக்கும். ரிவர்ப், ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும். அதே மாடல், அதே காலம், ஏறக்குறைய அதே நிலையில் உள்ளதாக ஐந்தாறு எடுத்து, மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு, மீதியைப் பாருங்கள். அதிலும் அமெரிக்காவில் விற்ற விலை உங்கள் கைக்கு வராது. தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, வாங்குபவர் கட்டும் சுங்க வரி எல்லாம் போக மிஞ்சுவதுதான் கணக்கு. நம் நாட்டிலேயே விற்றால் சந்தை சிறியது, ஆனால் வேலை சுலபம்.

விலையைக் குறைப்பவை: திரும்ப அடித்த பெயிண்ட், உடைந்து ஒட்டிய ஹெட்ஸ்டாக், மாற்றிய பிக்கப், புதுக் கீ போடத் துளைத்த ஓட்டைகள். பெயரெடுத்த பழைய அமெரிக்கக் கிட்டாரில் முழுதாகத் திரும்பப் பெயிண்ட் அடித்திருந்தால் விலை ஏறக்குறைய பாதி என்பது இந்தச் சந்தையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. தேய்ந்த பெயிண்டும் கீறலும் அவ்வளவு குறைப்பதில்லை. நம் வீட்டில் இதை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். அழுக்காக இருப்பதற்கு விலை அதிகமா என்று கேட்பார்கள். ஆமாம், அதிகம்தான்.

நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது என்ன? பழைய இந்தியக் கிட்டார் என்றால் சில ஆயிரம் ரூபாய். பெயரில்லாத ஜப்பான் கிட்டார் என்றால், நல்ல பிக்கப்போடு முழுதாக இருந்தால் வெளிநாட்டில் சில நூறு டாலர். எழுபது எண்பதுகளின் ஜப்பான் ஐபனேஸ், யமஹா, ஃபெண்டர் வகைகள் அதற்கு மேல். 1965க்கு முந்திய ஃபெண்டரோ கிப்சனோ நம் பரணில் கிடைப்பது அரிது. கிடைத்தால் உள்ளூரில் யாரிடமும் கொடுக்காமல், சென்னையிலோ பெங்களூரிலோ பழைய கிட்டார்களில் பழகிய கிட்டார் செப்பனிடுபவரிடம் நேரில் கொண்டுபோய் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அந்தத் தாளில் தேதி, எண், படங்கள், எது ஒரிஜினல் எது மாற்றியது, மதிப்பு விற்பதற்கா இன்சூரன்ஸுக்கா என்பதெல்லாம் இருக்க வேண்டும். மதிப்பிடுபவரே ‘நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்றால் அவர் சொல்லும் விலையை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. ஒயரிங்: இதை ஊரிலேயே செய்யலாம்

எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் இருப்பது பழைய ரேடியோவைவிட எளிய சங்கதி. இரண்டு மூன்று பாட், ஒரு சுவிட்ச், ஒரு கெபாசிட்டர், ஒரு ஜாக். மைக் செட் கடையிலோ ரேடியோ மெக்கானிக்கிடமோ ஈயம் வைக்கத் தெரிந்தவர் இருந்தால் போதும். ஆனால் கொடுத்துவிட்டு வராமல் பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் மல்டிமீட்டர் சோதனை. ஜாக்கில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் போட்டு, கேபிளின் மறுமுனை பிளக்கில் நுனிக்கும் அடிக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஒற்றைக் காயில் (கம்பிச்சுருள்) பிக்கப் என்றால் சுமார் 5 முதல் 7, இரட்டைக் காயில் உள்ள ஹம்பக்கர் என்றால் சுமார் 7 முதல் 9 கிலோ ஓம் காட்டும். பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால், அல்லது மீட்டரைப் பெரிய அளவுக்கு மாற்றும்போது பாட்டின் மதிப்பே (250 அல்லது 500 கிலோ ஓம்) காட்டினால், பிக்கப்பின் காயில் அறுந்திருக்கலாம். அதற்குமுன் ஜாக்கும் சுவிட்சும் சரிதானா பாருங்கள். பெரும்பாலும் அழுக்குப் பிடித்த ஜாக்தான் காரணமாக இருக்கும்.

கரகரக்கும் வால்யூம் பாட்டை மாற்ற வேண்டியதில்லை. கான்டாக்ட் கிளீனரை அதன் இடுக்கில் அடித்து இருபது முப்பது முறை திருப்பினால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அதில் அடிக்காதீர்கள், அழுக்கைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ, ஹம்பக்கருக்கு 500 கிலோ பாட் என்பது வழக்கம். கழற்றிய பழைய பாட்டைப் பெயர் எழுதிக் கவரில் போடுங்கள். அதன் முதுகில்தானே தேதி இருக்கிறது. பாட்டின் முதுகில் ஈயம் வைக்க 25 வாட் அயர்ன் திணறும். 40 வாட் வேண்டும். வெகுநேரம் சூடு காட்டினால் பாட் உள்ளே கெட்டுவிடும்.

பிக்கப் காயில் அறுந்திருந்தால் வண்ணார்பேட்டை மோட்டார் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் ‘சுத்திரலாம்’ என்பார்கள். பம்ப் மோட்டார் கம்பி வேறு. பிக்கப்பில் இருப்பது பெரும்பாலும் 42 கேஜ், 0.063 மில்லிமீட்டர், தலைமுடிப் பருமன். அது ஆயிரக்கணக்கான சுற்று ஓடுவது. பிக்கப்பைக் கழற்றி, கிட்டார் செப்பனிடுபவருக்கு அது மட்டும் தனியாகக் கூரியரில் அனுப்பினால் போதும். முழுக் கிட்டாரையும் அனுப்ப வேண்டாம்.

வாசிக்கும்போது ஹம் என்ற இரைச்சல் வந்து, கம்பியைத் தொட்டதும் குறைந்தால் அது கோளாறு இல்லை, எர்த் ஒயர் பிரிட்ஜோடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டதும் சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள். கோளாறு கிட்டாரில் அல்ல, ஆம்பிலோ சுவர் பிளக்கிலோ. எர்த் இல்லாத மேடையில் ஜெனரேட்டர் கரண்ட்டில் ஒரு கை கம்பியிலும் வாய் மைக்கிலும் பட்டால் ஆள் போய்விடுவார். மூன்று பின் பிளக்கும் உண்மையான எர்த்தும் இல்லாத இடத்தில் வாசிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

6. மரம், நெக், ஃப்ரெட்

விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டில் (ஃப்ரெட்போர்டு என்பதும் அதுதான்) தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் கைப்பழக்கம். வேண்டாம், நாளடைவில் பிசுக்குப் பிடித்து நாறும். ஈட்டி மரம் மாதிரிக் கறுத்த பலகை என்றால் ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் ஃப்ரெட்போர்டுக்கென்று விற்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு போதும். வெளிறிய மேப்பிள் பலகையில் லேக்கர் பூசியிருப்பார்கள். அதற்கு எண்ணெயே வேண்டாம். இரும்புக் கம்பளி போட்டு, பலகையில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டைத் தேய்ப்பதாக இருந்தால் பிக்கப்பின் மேல் டேப் ஒட்டி மூடுங்கள். காந்தம் இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும்.

புதுக் கம்பி போட்டு, சுருதி சேர்த்து, இரண்டு நாள் விட்டுவிட்டு நெக்கைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்தினால் ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம் சுமார் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதை அளக்கும் ஃபீலர் கேஜ் டூவீலர் மெக்கானிக்கிடம் இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். இடைவெளி அதிகம் என்றால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, ஒருநாள் பொறுத்துத் திரும்ப அளந்து பாருங்கள். திருகும் சாவியில் ஏமாறாதீர்கள். அமெரிக்கக் கிட்டாருக்கு அங்குல அளவு, ஜப்பானுக்கு மில்லிமீட்டர் அளவு. ஏறக்குறைய பொருந்தும் சாவியைப் போட்டால் உள்பள்ளம் உருண்டு போய்விடும், அப்புறம் நெக்கையே பிரிக்க வேண்டி வரும். சில பழைய ஜப்பான் கிட்டாரில் திருகும் ராடே கிடையாது, உள்ளே வெறும் இரும்புப் பட்டைதான்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் மெல்லிய பக்கம் 1.6, தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். அதே ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த சுருதி, தொட்டு எழுப்பும் ஹார்மானிக் சுருதியைவிட ஏறி நின்றால் பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கினால் முன்னால். போனில் ட்யூனர் ஆப் போதும்.

ஊரைப் பொறுத்து நேரம் பாருங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்திலும், திருநெல்வேலியில் ஐப்பசி கார்த்திகை மழையிலும் மரம் ஈரத்தை வாங்கி நெக் நகரும். சித்திரை வெயிலில் மறுபடி உலரும். சென்னையிலிருந்து சரிசெய்து வந்த கிட்டார் இங்கே வந்து ஒரு வாரம் ஓய்வெடுக்கட்டும், அப்புறம் குறை சொல்லலாம்.

ஃப்ரெட் மாற்றுவது, நட் செதுக்குவது, உடைந்த ஹெட்ஸ்டாக் ஒட்டுவது மூன்றையும் தச்சரிடம் கொடுக்காதீர்கள். நம் ஆசாரிகள் கைத்திறனில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் கதவு நிலைக்குப் பழகிய கை, உடைந்த கழுத்தில் ஸ்க்ரூ ஏற்றிவிடும். அப்புறம் யாராலும் பிரித்துச் சரியாக ஒட்ட முடியாது. எபாக்ஸி போட்டாலும் இதே கதைதான்.

7. பெயிண்ட்

அடிக்காதீர்கள். ‘டூகோ அடிச்சா புதுசு மாதிரி ஆயிரும்’ என்று டிங்கரிங் பட்டறையில் சொல்வார்கள், ஆகவும் ஆகும்.

துடைக்க வேண்டும் என்றால் ஈரத்துணி, அதற்கும் போகாத பிசுக்குக்கு நாப்தா என்னும் லைட்டர் திரவம், காற்றோட்டமான இடத்தில், நெருப்பிலிருந்து தள்ளி. பூச்சு எந்த வகை என்று தெரிய, பிக்கார்டுக்கு அடியில் மறைந்த இடத்தில் பட்ஸ் நுனியில் என்.சி. தின்னரைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் நைட்ரோ, அசையாவிட்டால் பாலி (பாலியூரித்தேன், பாலியெஸ்டர்) வகை. நைட்ரோ என்றால் ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள். ரப்பர் பட்ட இடம் இளகிக் கறை விழும்.

8. செலவும் காலமும்

நான் விசாரித்த அளவில் சொல்கிறேன், கூடக் குறைய இருக்கும். மல்டிமீட்டர் 300 முதல் 500 ரூபாய், கான்டாக்ட் கிளீனர் 250 முதல் 400, ஒரு செட் கம்பி 500 முதல் 900, நல்ல பாட் ஒன்று 400 முதல் 700. உள்ளூர் மெக்கானிக் கூலி இருநூறு முந்நூறுக்கு மேல் போகாது. வெளியூர் செப்பனிடுபவரிடம் செட்டப் (நெக், கம்பி உயரம், சுருதி சரிசெய்வது) 1,500 முதல் 3,000, ஃப்ரெட் முழுக்க மாற்ற 8,000 முதல் 15,000, பிக்கப் சுற்ற 2,000 முதல் 4,000. ஊரில் செய்யும் வேலை பத்து நாளில் முடியும். வெளியூர் வேலைக்கு ஒரு மாதம் என்று சொன்னால் இரண்டு மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது என்ன வேலை, என்ன தொகை, பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

எட்டாயிரம் பெறும் கிட்டாருக்கு இருபதாயிரம் செலவழிக்கலாமா? விற்க என்றால் கூடாது. வீட்டுப் பெரியவர் வாசித்தது என்றால் அது உங்கள் இஷ்டம், நானும் அப்படித்தான் செலவழித்தேன்.

9. கொண்டுபோவதும் அனுப்புவதும்

சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த் எடுத்துக் கூடவே வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. பஸ்ஸின் அடிப் பெட்டியில் போடாதீர்கள். கம்பியை ஒன்றிரண்டு சுருதி இறக்கி, ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே துணி மடித்து அண்டை கொடுங்கள். கிப்சன் வகையில் ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கும். பெட்டி மல்லாக்க விழுந்தாலே நட்டின் அருகில் முறியும். கூரியரில் அனுப்பினால் கடினப் பெட்டி, அதற்கு வெளியே அட்டைப் பெட்டி, மதிப்பை எழுதி இன்சூரன்ஸ். மதிப்பைக் குறைத்து எழுதினால் உடைந்தபின் கிடைப்பதும் அவ்வளவுதான்.

வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் ஃபிங்கர்போர்டு என்ன மரம் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள், மரங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டாது. 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய அமெரிக்கக் கிட்டார்களில் அந்த மரம் சாதாரணம். மற்ற ரோஸ்வுட் வகைகள் உள்ள இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் சைட்டீஸ் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனாலும் சுங்கத்தில் மரம் எது என்று கேட்டால் காட்ட, செப்பனிடுபவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி, பில்லோடு பெட்டிக்குள் ஒரு நகல், கையில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.